கண்மணி சுருங்கியவர்கள்

1995 மார்ச். நைட் டியூட்டி முடித்து, ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பெஞ்சில் கிடந்த தினசரியில் டோக்கியோ செய்தி. சுரங்க ரயிலில் யாரோ சரின் என்கிற விஷத்தை வைத்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிகளில். கண் மங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, மூச்சு இரைக்கிறது, கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்கிவிட்டது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

டீ கையிலேயே ஆறிவிட்டது. அந்த வரிசையை நான் அப்போதுதான் நோட்டில் எழுதி முடித்துவிட்டு வந்திருந்தேன். எட்டாம் நம்பர் கட்டில், ஆண், நாற்பது வயதுக்குள், பருத்திக்கு மருந்தடித்தவர்.

முந்தின நாள் சாயங்காலம் அவரை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எதிர்க்காற்றில் அடித்திருக்கிறார். நடுவில் டேங்கின் நாசில் அடைத்துக்கொண்டதாம், வாயில் வைத்து ஊதியிருக்கிறார். கூட வந்த அவர் மனைவி, "சிஸ்டர், மருந்து ஒத்துக்கலன்னு நெனக்கிறேன், காலைலேர்ந்து சாப்பிடாம அடிச்சாரு" என்றார். சட்டையைக் கழற்றும்போதே அந்த வாடை. பூண்டு நசுக்கின மாதிரி, கூடவே மண்ணெண்ணெய் கலந்த மாதிரி. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு அசையவே இல்லை.

அப்புறம் நடப்பதெல்லாம் எங்கள் வார்டில் கைப்பழக்கம். துணி முழுக்கக் களைந்து, சோப்புத் தண்ணீரில் தலையோடு கால் கழுவி, எச்சிலை உறிஞ்சி எடுத்து, ஊசி ஏற்றி அட்ரோபின். ஒரு ஆம்பியூலில், அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியில், இருப்பது 0.6 மில்லிகிராம். மோசமான கேஸ் என்றால் முதல் ஒரு மணி நேரத்திலேயே ஐம்பது, அறுபது ஆம்பியூலை உடைக்க வேண்டியிருக்கும். குப்பியின் கழுத்தில் கீறல் போட்டு, பஞ்சைச் சுற்றி, பட்டென்று உடைக்க வேண்டும். அவசரத்தில் பஞ்சு தேடுவது யார்? கட்டைவிரலில் கண்ணாடிக் கீறல் இல்லாத நர்ஸ் அந்த வார்டில் இருந்ததில்லை. கால் மணிக்கு ஒரு தரம் நாடி, கண்மணி, நெஞ்சில் கரகரப்பு மூன்றையும் பார்த்து எழுத வேண்டும். நாக்கு வறண்டு, கன்னம் சிவந்து, நாடி நூறைத் தாண்டி, கண்மணி விரிந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். அட்ரோபின் அதிகமானால் ஆள் காற்றில் எதையோ பிடிப்பதுபோலக் கையை ஆட்டுவார், போர்வையைப் பிய்ப்பார். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று டியூட்டி டாக்டரும் டீக்கடைக்கு வந்தார். பேப்பரைக் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டும் ஒரே குடும்பம், சிஸ்டர். அங்கயும் அட்ரோபினும் பாமும்தான் கொடுத்திருப்பாங்க" என்றார். பாம் என்பது அட்ரோபினோடு சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு மாற்று மருந்து.

ஒரே குடும்பம் என்ற அந்த வார்த்தையை என்னால் விட முடியவில்லை. போர் வாயுவும் பருத்திக்கு அடிக்கிற மருந்தும் எப்படி ஒரே குடும்பம்? அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் படிக்க முடிந்தது. ஒரு வார்டு நர்ஸாகப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பூச்சிமருந்தின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டி.டி.டி.யில் தொடங்குவார்கள். சுவிட்சர்லாந்தில் கெய்கி கம்பெனியில் பால் முல்லர் 1939ல் அதன் பூச்சிக்கொல்லும் குணத்தைக் கண்டார், 1948ல் நோபல் பரிசு வாங்கினார். அதற்கும் முன்னால், 1892லேயே, பேயர் கம்பெனி காட்டு மரங்களைத் தின்னும் புழுவுக்கு ஆன்டினானின் என்று ஒரு செயற்கை மருந்து விற்றது. ஆனால் அந்தக் காலத்தில் வயலிலும் தோட்டத்திலும் பெரும்பாலும் போனவை ஆர்சனிக் கலந்த பொடிகள், புகையிலையின் நிகோடின், பைரித்ரம் பூ, டெர்ரிஸ் வேர் இவைதான். டி.டி.டி. வந்ததும் எல்லாம் மாறியது உண்மை. 1943 கடைசியில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, அதைப் பரப்பும் பேனை ஒழிக்க அடுத்த சில மாதங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சட்டைக்குள் பொடி அடித்தார்கள். டி.டி.டி. பொடி பட்டு அங்கேயே சுருண்டு விழுந்தவர் யாரும் இல்லை. புதுப் பூச்சிமருந்து என்றாலே மனிதனை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை அந்தக் காட்சியிலிருந்துதான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. டி.டி.டி. வேறு வகையில் செய்த கெடுதல் தெரியவந்தது பிறகு.

எங்கள் வார்டை நிரப்பிய மருந்தின் பிறப்பிடம் வேறு. ஜெர்மனியில், கொலோன் பக்கத்தில் லெவர்குசன். பேயர் அப்போது ஐ.ஜி. ஃபார்பன் என்ற பெரிய கூட்டுக் கம்பெனியின் ஒரு பகுதி. 1903ல் பிறந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளரிடம், 1930களின் நடுவில், புதுப் பூச்சிமருந்து கண்டுபிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். காரணம் எளிது. நிகோடினும் பைரித்ரமும் டெர்ரிஸும் வெளிநாட்டுச் சரக்கு, அன்னியச் செலாவணி வேண்டும். ஜெர்மன் அரசு தன் சாப்பாட்டைத் தானே விளைவித்துக்கொள்ளத் துடித்த காலம். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைக் கொல்ல உள்ளூரிலேயே ஒன்று செய்து கொடு என்றார்கள். ஷ்ராடர் அதைத்தான் தேடினார். ஆளைக் கொல்லத் தேடவில்லை.

பாஸ்பரஸ் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். 1936 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அதில் சயனைடைச் சேர்த்து ஒன்று செய்தார். 2 லட்சம் பங்கு தண்ணீரில் 1 பங்கு கலந்து தெளித்தாலே அசுவினி முழுக்கச் செத்தது. நம் ஊர்க் கணக்கில் பத்து லிட்டர் டேங்குக்கு ஒரு சொட்டு. நினைத்துப் பாருங்கள், ஒரு சொட்டு.

விடுமுறை முடிந்து 1937 ஜனவரியில் வேலையைத் தொடர்ந்தார். அந்தச் சேர்மத்தின் ஒரு துளி மேஜைமேல் சிந்தியது. சில நிமிடங்களில் அவருக்கும் உதவியாளருக்கும் கண்மணி சுருங்கிப் பார்வை மங்கியது, தலை சுற்றியது, மூச்சு திணறியது. முழுக்கத் தேற மூன்று வாரம் ஆயிற்று.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எத்தனையோ வருஷம் டார்ச் அடித்துத் தேடிய அதே கரும்புள்ளி. என் வார்டுக்கு வந்தவர்களின் வரிசையில் முதல் ஆள், அதைச் செய்தவரேதான்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய எந்தக் கண்டுபிடிப்பையும் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1935லேயே அங்கே உத்தரவு இருந்தது. மாதிரி பெர்லினுக்குப் போனது. ஷ்ராடரைக் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னார்கள். காப்புரிமை ரகசியமானது. அந்த அசுவினி மருந்துதான் டாபுன். அடுத்த வருஷம் இன்னொன்று வந்தது, அதைவிடக் கொடியது. சம்பந்தப்பட்ட நால்வரின் பெயரெழுத்துகளைக் கோத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலெழுத்து ஷ்ராடருடையது. அதுதான் நான் டீக்கடைப் பேப்பரில் பார்த்த சரின். இன்று போலந்தில் இருக்கும் டைஹெர்ன்ஃபுர்ட் என்ற இடத்தில் ஆலை கட்டி, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 12,000 டன் டாபுன் செய்து வைத்தார்கள். போரில் அதைப் பயன்படுத்தவில்லை.

இந்தப் பக்கம் ஷ்ராடர் பூச்சிமருந்துத் தேடலையும் விடவில்லை. 1944ல் இன்னொரு பாஸ்பரஸ் சேர்மம் தயாரானது. ஆராய்ச்சி வரிசை எண்படி ஈ 605. பாரதியான் என்பது அதன் பொதுப்பெயர். போர் முடிந்ததும் நேச நாட்டுப் படையினர் ஷ்ராடரைப் பிடித்துவைத்து விசாரித்தார்கள். அவர் சொன்னதில் போர் வாயுப் பகுதியை அவர்கள் தங்கள் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். பூச்சிமருந்துப் பகுதி வெளியே வந்தது. 1940கள் முடிவதற்குள் அமெரிக்காவில் பாரதியான் விற்பனைக்கு வந்துவிட்டது, பேயரும் விற்றது. ஒரே மேஜையிலிருந்து ஒன்று ராணுவக் கிடங்குக்கும் ஒன்று உரக்கடைக்கும் போனது.

உடம்புக்குள் இவை செய்யும் வேலையை டிரெயினிங் வந்த பெண்களுக்கு நான் எப்போதும் வாய்க்கால் மடையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். டெல்டாக்காரிக்கு வேறு உவமை வராது. நரம்பு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் அசெட்டைல்கோலின் என்ற சாற்றைத் திறந்துவிடும். மடையைத் திறந்தால் அடைக்கவும் ஆள் வேண்டும். அடைக்கிற ஆள் ஒரு நொதி. இந்த விஷம் அந்த ஆளின் கையைக் கட்டிப்போடுகிறது. திறந்த மடை திறந்தபடியே கிடக்கும். வயல் நிரம்பி வரப்பு வழிவதுபோல எச்சில், கண்ணீர், வியர்வை, கடைசியில் நுரையீரலிலும் தண்ணீர். அட்ரோபின் என்பது பயிரை மூழ்கவிடாமல் அவசரத்துக்குப் போடும் அணை. பாம் என்பது போய்க் கட்டை அவிழ்ப்பது. முடிச்சு இறுகுவதற்குள் அவிழ்த்தால் உண்டு, நேரமாகிவிட்டால் அவிழாது. அசுவினிக்கும் மனிதனுக்கும் அடைக்கிற ஆள் ஒரே வகை. அதனால்தான் அதைக் கொல்வது இவனையும் கொல்கிறது.

இங்கே ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். பாம் என்ற அந்த மாற்று மருந்தை நியூயார்க்கில் இர்வின் வில்சன் கண்டுபிடித்து வெளியிட்டது 1955ல். பாரதியான் அதற்குள் பல வருஷமாக வயல்களில் இருந்தது. 1951, 52 வாக்கில் அதை ஜப்பானியர் நெல் தண்டுத் துளைப்பானுக்கு எதிராக இறக்குமதி செய்தார்கள். நெல் பிழைத்தது, அடித்தவர்கள் ஏராளமாக விழுந்தார்கள். ஜெர்மனியிலேயே 1954ல், வோர்ம்ஸ் என்ற ஊரில், ஒரு பெண் ஈ 605ஐ மிட்டாயில் வைத்த கொலை வழக்கு நாட்டையே உலுக்கியது. கட்டை அவிழ்க்கத் தெரிவதற்கு முன்பே கட்டுகிற கயிறைக் கடை கடையாக விற்றார்கள் என்பதை இன்றும் என்னால் ஆற மாட்டாமல்தான் எழுத முடிகிறது.

இந்தியாவுக்குப் பாரதியான் வந்த பெயர் ஃபாலிடால். 1958ல் கேரளத்தில், கப்பலில் கோதுமை மாவோடு சேர்த்து ஏற்றிவந்த இந்த மருந்து கசிந்து மாவில் கலந்து, அதைச் சாப்பிட்டவர்களில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். அதன் விளைவாகத்தான் நம் நாட்டுக்குப் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது, 1968ல். பத்து வருஷம் கழித்து! டின்னில் மண்டையோடும் சிவப்பு முக்கோணமும் இருக்க வேண்டும், மாற்று மருந்தின் பெயரை அச்சடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வந்த விதிகள்.

ஃபாலிடால் என்ற பெயரை ஜப்பானியர் ஹோரிடோரு ஆக்கினார்கள், நாம் பாலிடால் ஆக்கினோம். எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனி, எந்தச் சரக்கு என்ற பேதமே இல்லை. வயலுக்குப் போடுகிற விஷம் எல்லாமே பாலிடால்தான். வார்டில், "என்ன மருந்தும்மா?" என்று கேட்டால், "பாலிடால் சிஸ்டர்" என்பார்கள். மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டும் டப்பாவில் வேறு பெயர் இருக்கும். அந்தக் கேள்வியையும் கவனியுங்கள். நாங்களும் "மருந்து" என்றுதான் கேட்டோம்.

என் அப்பாவும் மருந்து என்றுதான் சொல்வார். மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று மா நிலம். எனக்குப் பத்து, பதினோரு வயசு இருக்கும்போது ஒரு சம்பாவில் கதிர் நாவாய்ப்பூச்சி இறங்கிவிட்டது. நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வந்து, மணியில் ஊசி போட்டு உறிஞ்சிவிடும். பதராகிப்போகும். வயல் பக்கம் போனாலே மூட்டைப்பூச்சி நசுக்கின நாற்றம் அடிக்கும். அப்பா ஒரு பை பொடி வாங்கிவந்தார். பழைய வேட்டித் துணியில் அதை மூட்டையாகக் கட்டி, ஒரு கொம்பின் நுனியில் தொங்கவிட்டு, இன்னொரு குச்சியால் தட்டிக்கொண்டே வரப்போரமாக நடந்தார். விடியற்காலை, பனி இறங்கியிருக்கும்போதுதான் தூவ வேண்டும், அப்போதுதான் கதிரில் ஒட்டும். வெள்ளைப் புகை பயிர்மேல் படிந்து படிந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா மேலுக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை. தலையில் ஒரு துண்டு. நான் கஞ்சித் தூக்கை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "கண்ணு மசமசன்னு இருக்குடி, விளக்கு ஏத்துனாப்பலயே தெரியல" என்றார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, இரண்டு மூன்று தரம் திண்ணையிலிருந்து எட்டிப்பார்த்துத் துப்பினார். அம்மா, "வெறும் வயித்துல வெயில்ல நின்னா சூடு ஏறாம என்ன செய்யும்?" என்று சொல்லி உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்தார். மறுநாள் சரியாகிவிட்டது. அந்த வருஷம் நெல்லும் பிழைத்தது. எங்களுக்கு அதுதான் பெரிசு. அதில் வந்த பணத்தில்தான் நான் மேலே படித்தேன், அதை மறைக்க மாட்டேன்.

நர்ஸிங் முடித்து வார்டுக்கு வந்து, நூறு பேருக்கு டார்ச் அடித்துப் பார்த்த பிறகும், அன்றைய அப்பாவின் கண் எனக்கு ஞாபகம் வரவே இல்லை. ஷ்ராடரைப் பற்றிப் படித்தபோதுதான் வந்தது. கண் மங்கியது, எச்சில் ஊறியது, தலை கிறுகிறுத்தது. 1937ல் அந்த மேஜையருகில் நின்ற இருவருக்கு வந்ததேதான். அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும், மூன்று வாரம் ஓய்வெடுத்தார்கள். முப்பது, நாற்பது வருஷம் கழித்து எங்கள் வரப்புக்கு மருந்து வந்து சேர்ந்தது. கண் மங்கினால் உடனே நிறுத்து, குளி, ஆஸ்பத்திரிக்குப் போ என்ற ஒரு வரி மட்டும் கூட வரவில்லை. சிற்றெழுத்தில் மடித்து வைத்த தாளில் வந்ததென்றால், அது வந்ததாகக் கணக்கில்லை.

டோக்கியோ கதையில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அங்கே செயின்ட் லூக்ஸ் என்ற ஆஸ்பத்திரிக்கு அன்று ஒரே நாளில் 640 பேர் வந்தார்கள். வந்தவர்களின் துணியிலிருந்து கிளம்பிய ஆவியால் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும்கூடக் கண் மங்கியது. பாம் போதாமல், நகோயாவிலிருந்து புல்லட் ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதைப் படித்ததும் எங்கள் வார்டில் துணி களைந்த நாட்களில் எல்லாம் எனக்கு வந்த தலைவலி ஞாபகம் வந்தது. ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்று எனக்குப் பிறகு வந்த பெண்களுக்குச் சொல்லிவைத்தேன்.

பாஸ்பரஸ் குடும்பத்தில் எல்லாமே ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1950ல் அமெரிக்காவில் வந்த மாலத்தியானை நம் ஈரல் ஓரளவு உடைத்துவிடும், பூச்சியால் அப்படி உடைக்க முடியாது. ஷ்ராடரும் பின்னாளில் மனிதருக்குக் குறைவாகத் தீங்கு செய்யும் சேர்மங்களைத் தேடினார். 1990ல் காலமானார். அவர் செய்த பாரதியானின் தம்பி, மீத்தைல் பாரதியான், இந்தியாவில் தடையானது 2018ல்தான். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எட்டாம் நம்பர் கட்டில்காரர் பிழைத்துக்கொண்டார். பத்தாம் நாள் வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது, "திரும்ப எப்ப மருந்தடிக்கப் போவலாம் சிஸ்டர்?" என்று கேட்டார். அதுதான் அவருக்குக் கூலி. நான் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, டார்ச் அடித்து முதலில் என் கண்ணையும் பிறகு அவர் கணவர் கண்ணையும் காட்டினேன். சாதாரணமாக இப்படித்தான் சுருங்கி விரியும். அசையாமல் புள்ளியாக நின்றால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைக்காதே என்றேன். அவர் ரொம்பக் கவனமாகப் பார்த்தார். டார்ச் விலை என்ன என்று கேட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். லெவர்குசன், மேஜையில் சிந்திய துளி, டாபுன், அன்றைக்கு அவருக்குக் கண் மங்கியது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். சூடு என்றுதானே நினைத்தோம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீயும் அன்னைக்கு வரப்புல நின்னியே பாப்பா" என்றார்.